கெடு நெருங்கும்போது எதை விடலாம்?

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற சிறு கருவியை எழுதினார். ஒரு பெரிய நிரலில் எந்தப் பகுதி மாறியிருக்கிறதோ அதை மட்டும் மறுபடி தொகுத்துத் தருவது அதன் வேலை. அதற்கான கட்டளைக் கோப்பில் ஒரு விதி உண்டு. கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் விசை தரும் வெற்றிடத்தில் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் விசையை எத்தனை முறை தட்டினாலும் செல்லாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இது நல்ல ஏற்பாடல்ல என்பது ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுடைய கோப்புகளைக் கெடுக்க மனம் வராமல் அவர் விதியை அப்படியே விட்டுவிட்டார். அரை நூற்றாண்டு ஆகிறது. இன்றும் முதன்முதலாக மேக் கோப்பு எழுதும் மாணவர் அந்த டேப்பில்தான் இடறுகிறார்.

மென்பொருள் வெளியீட்டுக் கெடுவுக்கும் நல்ல இடைமுகத்துக்கும் இடையே நடக்கும் இழுபறியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இன்னும் மூன்று மாதம் கிடைத்திருந்தால் திரையைச் சரியாகச் செய்திருப்போம் என்பது ஒரு கட்சி. வெளியே போகாத மென்பொருளால் யாருக்கு என்ன பயன் என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருப்பதால் வாதம் முடிவதே இல்லை. கேள்வியை வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒரு திரை மக்கள் கைக்குப் போன பிறகு அதில் எதைத் திருத்த முடியும், எதைத் திருத்த முடியாது? கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளின் முக்கியமான வெளியீடுகளை இந்தக் கேள்வியோடு அணுகினால், எந்த அவசரம் மன்னிக்கத்தக்கது, எந்த அவசரம் தலைமுறைக்கும் வலி தருவது என்பது ஓரளவு விளங்குகிறது.

முதலில், கெடுவின் அழுத்தம் ஏன் எப்போதும் இடைமுகத்தின் தலையிலேயே விழுகிறது? வேலை நடக்கும் வரிசை ஒரு காரணம். தரவுத்தளம், கணக்கீடு, பிணையத் தொடர்பு எல்லாம் முடிந்த பிறகே திரைக்கு வருகிறார்கள். முன்வேலைகளில் ஏற்பட்ட தாமதம் முழுவதும் கடைசிக் கட்டத்தின் நாட்களைத் தின்கிறது. இன்னொரு காரணம் பிழைப் பட்டியலின் இயல்பு. நிரல் நின்றுபோனால் அது வெளியீட்டையே நிறுத்தும் பிழை. யாரும் மறுக்க மாட்டார்கள். பயனர் எந்தப் பொத்தானை அழுத்துவதென்று தெரியாமல் திகைத்து உட்கார்ந்தால் அது பிழையாகவே பதிவாவதில்லை. பதிவானாலும் 'அடுத்த பதிப்பில்' என்ற குறிப்போடு கீழே போய்விடுகிறது. எழுதியவருக்குத் திகைப்பு வராது என்பதால் அவர் கண்ணில் அது படுவதும் இல்லை.

கணினி விஞ்ஞானி ரிச்சர்ட் கேப்ரியல் இந்தச் சாய்வை ஒரு கொள்கை மோதலாகவே விவரித்தார். நிரலின் உள்வேலை எவ்வளவு சிக்கலானாலும் பரவாயில்லை, பயன்படுத்துகிறவருக்கு வெளிமுகம் எளிமையாக இருக்க வேண்டும் என்பது அவர் எம்ஐடியோடு இணைத்துச் சொன்ன மரபு. உள்வேலை எளிமையாக இருக்கட்டும், வெளிமுகம் கொஞ்சம் கரடுமுரடானால் பயனர் பொறுத்துக்கொள்வார் என்பது நியூஜெர்சி மரபு. யூனிக்ஸும் சி மொழியும் அதன் பிள்ளைகள். இரண்டாவதே பரவும் என்று அவர் கணித்தார். சீக்கிரம் முடிவது சீக்கிரம் பரவுகிறது, பரவியது பிறகு மெல்ல மேம்படுகிறது என்பது அவர் சொன்ன காரணம். பரவியது சரிதான். மேம்படுகிறது என்பதைத்தான் முழுவதுமாக ஏற்க முடியவில்லை. மேக்கின் டேப் மேம்படவே இல்லையே.

இலட்சியத்தை முதலில் வைத்தவர்களின் கதையையும் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கணினி 1981இல் வந்தது. ஆவணம், கோப்புறை, அஞ்சல் பெட்டி என்று அலுவலக மேசையையே திரைக்குக் கொண்டுவந்த முதல் வணிகக் கணினி அது. நிரல் எழுதுவதற்கு முன்பே பயனர் மனத்தில் என்ன படம் உருவாக வேண்டும் என்று அதன் வடிவமைப்பாளர்கள் நெடுங்காலம் யோசித்தார்கள். அந்த யோசனையின் நேர்மை இன்றைக்கும் வியப்பூட்டுகிறது. ஆனால் ஒரு கணினியின் விலை 16,595 டாலர்; வாங்கியவர்கள் குறைவு. ஆப்பிளின் லிசா 1983 ஜனவரியில் 9,995 டாலருக்கு வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. ஓராண்டு கழித்து 2,495 டாலருக்கு வந்த மெக்கின்டாஷ்தான் அந்தச் சிந்தனையை வீடுகளுக்குக் கொண்டுபோனது.

மெக்கின்டாஷ் 1984 ஜனவரி 24இல் அறிமுகமாக வேண்டும் என்பது மாறாத தேதி. கடைசி வாரத்தில் நிரலாளர்கள், முதலில் செயல்விளக்கப் பதிப்பை அனுப்பிவிட்டு உண்மையான மென்பொருளைச் சில வாரம் கழித்துத் தரலாமா என்று கேட்டதாகவும், ஸ்டீவ் ஜாப்ஸ் மறுத்துவிட்டதாகவும் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியிருக்கிறார். தூக்கமில்லாமல் முடித்தார்கள். இந்தக் கதையைக் கெடுவின் வெற்றியாகச் சொல்வதே வழக்கம். அந்தக் கடைசி வாரத்தில் என்ன வேலை நடந்தது என்று பார்த்தால் கதை மாறுகிறது. அவசரம் முழுவதும் நிரலின் பிழை நீக்கத்தில் இருந்தது. மெனு எங்கே இருக்க வேண்டும், மவுஸில் எத்தனை பொத்தான் வேண்டும் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருந்தன. லிசாவுக்காக ஆப்பிளின் லாரி டெஸ்லர் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தவை அவை. ஒற்றைப் பொத்தான் மவுஸ் அந்தச் சோதனைகளின் விளைவு. தோற்றுப்போன லிசா செலவழித்த ஆண்டுகளின் பலனை மெக்கின்டாஷ் அறுவடை செய்தது.

மெக்கின்டாஷில் இல்லாமல் போனவை பல. நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. ஒரு நேரத்தில் ஒரு பயன்பாடுதான் ஓடும். விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே இல்லை; இது அவசரத்தால் வந்ததல்ல, மவுஸைப் பயன்படுத்த வைப்பதற்காக வேண்டுமென்றே எடுத்த முடிவு. 1985இல் பயன்பாடுகளுக்கிடையே தாவ ஸ்விட்சர் வந்தது, 1986இல் மெக்கின்டாஷ் பிளஸ்ஸோடு அம்புக்குறி விசைகள் வந்தன. இல்லாததைச் சேர்த்தபோது யாருக்கும் மனக்குறை இல்லை. ஐபோனிலும் இதுவே நடந்தது. 2007 ஜூனில் வந்த முதல் ஐபோனில் நகலெடுத்து ஒட்டும் வசதி கிடையாது. விரல் நுனியால் சொல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கேள்விக்கு அரைகுறை விடையோடு அவர்கள் வெளியே வரவில்லை. 2009 ஜூனில்தான் அது வந்தது. இரண்டாண்டு ஏச்சு வாங்கினார்கள். ஆனால் தவறான ஒரு பழக்கத்தைக் கோடிக்கணக்கான விரல்களுக்குக் கற்றுத்தரவில்லை. இல்லாமை பொறுக்கத்தக்கது, பிழையாகப் பழகிவிட்ட கையைத் திருப்புவதுதான் பெரும்பாடு.

இந்த வரலாற்றில் நான் அதிகம் மதிக்கும் ஆவணம் விண்டோஸ் 95 பற்றியது. மைக்ரோசாஃப்ட்டின் கென்ட் சல்லிவன் 1996இல் மனித–கணினி ஊடாட்ட மாநாட்டுக்கு எழுதிய கட்டுரை அது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சமையலறையை இவ்வளவு வெளிப்படையாகத் திறந்து காட்டுவது அரிது. 64 கட்ட ஆய்வகச் சோதனைகள், 560 பேர். சோதனைகளிலிருந்து 699 கருத்துகள் திரண்டன. அவற்றில் 551 குறைபாடுகள். திட்டம் முடிந்தபோது அந்தக் குறைகளில் 81 விழுக்காடு தீர்க்கப்பட்டிருந்தது, 8 விழுக்காடு ஓரளவுக்குத் தீர்ந்திருந்தது, 11 விழுக்காடு தீரவில்லை. தீராதவற்றுக்குத் தொழில்நுட்ப வரம்பும் சில இடங்களில் கால அட்டவணையும் காரணம் என்று கட்டுரை ஒளிக்காமல் சொல்கிறது. அந்த 11 விழுக்காடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலகிலேயே அதிகம் எதிர்பார்க்கப்பட்ட மென்பொருளை, அறிவித்த காலத்தைத் தாண்டியும் இழைத்தவர்கள்கூட எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு வெளியிடவில்லை. தீராதது எது என்று பெயரிட்டு, எண்ணி, தெரிந்தே வெளியிட்டார்கள்.

அவர்கள் வழியில் கைவிட்டவையும் பாடம் தருபவை. புதியவர்களுக்கென்று தனி எளிய முகப்பு ஒன்றைத் தொடக்கத்தில் யோசித்தார்கள்; சோதித்துப் பார்த்த பின் அதை விட்டுவிட்டு எல்லாருக்கும் ஒரே முகப்பு என்று முடிவெடுத்தார்கள். சிறிதாக்கிய சாளரம் கண்ணிலிருந்து மறைந்தால் அது தொலைந்தே போய்விட்டது என்று புதியவர்கள் நினைப்பதைக் கண்டார்கள். பணிப்பட்டையும் ஸ்டார்ட் பொத்தானும் இத்தகைய கவனிப்பிலிருந்து வந்தவை; யாரோ ஒரு மேதை கனவில் கண்டதல்ல. வடிவமைப்பை எழுத்தில் விவரிக்கும் தடித்த விவரக்குறிப்பு, சோதனைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனபோது அதை எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். ஓடும் மாதிரியே விவரக்குறிப்பு ஆனது. கெடு நெருக்கும்போது எதை விடலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. காகிதத்தை விட்டார்கள், ஆளை உட்காரவைத்துப் பார்ப்பதை விடவில்லை.

அதே நிறுவனம் 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வெளியிட்டபோது அந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டது. அவசரத்தால் எடுத்ததல்ல, தொடுதிரைக் காலத்துக்கான இலட்சிய வடிவம் என்று நம்பி எடுத்தது. பதினேழு ஆண்டுகளாகத் திரையின் இடது கீழ் மூலைக்குப் போய்ப் பழகிய கைகள் வெறுமையைத் தொட்டன. 2013 அக்டோபரில் 8.1 பதிப்போடு பொத்தான் திரும்பி வந்தது. காலம் கொடுத்தால் இடைமுகம் தானாகவே நன்றாக வரும் என்று நம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வடிவமைப்பாளரின் இலட்சியமும் பிழைபடும். அதைச் சொல்ல வெளியில் இருக்கும் மனிதர்கள் வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் உலகில் இந்தப் பிரச்சினை வேறு உருவில் வருகிறது. அங்கே சந்தையும் முதலாளியும் கெடு விதிப்பதில்லை. தன்னார்வலர்கள் தாங்களே தேதி வைத்துக்கொள்கிறார்கள், அல்லது வைக்க மறுக்கிறார்கள். லினக்ஸ் தொகுப்பான டெபியன், தயாரானபோது வெளியிடுவோம் என்ற நெறியில் நீண்டகாலமாக நிற்கிறது. க்னோம் வேறு வழியில் போனது. 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் க்னோம் மேசைத்தளத்தைப் பயனர்களிடம் கொடுத்துச் சோதித்தது. 2002இல் க்னோம் 2.0 வந்த காலத்தில் இடைமுக வழிகாட்டு நெறிகளும் எழுதப்பட்டன. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்று தேதியை நிலைநிறுத்திக்கொண்டார்கள். வசதி தயாராகவில்லையென்றால் வசதி காத்திருக்கும், வெளியீடு காத்திருக்காது. அடுத்த பேருந்து ஆறு மாதத்தில் வரும் என்று தெரிந்தால் யாரும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. எப்போது வருமென்று தெரியாத அடுத்த பதிப்புதான் டெவலப்பரைப் பதற வைக்கிறது; அரைவேக்காட்டுத் திரையை உள்ளே திணிக்க வைக்கிறது.

இன்னொரு லினக்ஸ் தொகுப்பான உபுண்டுவும் அதே தாளகதியை ஏற்றது. 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை மட்டும் மெருகேற்றுவதற்காக ஜூன் 1 வரை தள்ளினார்கள். நீண்டகால ஆதரவு தரப்போகும் முதல் பதிப்பு என்பதால் அந்தத் தாமதத்துக்குப் பொருள் இருந்தது. 2009இல் அவர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பிடித்தமானது. சிறியவை என்பதாலேயே எந்தக் கெடுவிலும் முன்னுரிமை பெறாத நூறு எரிச்சல்களைப் பட்டியலிட்டு, ஒரு வெளியீட்டுச் சுற்றிலேயே அவற்றைக் களைவதற்கென்று தனி முயற்சி எடுத்தார்கள். இடைமுகக் குறைகளில் பெரும்பாலானவை இந்த வகை. தனித்தனியே பார்த்தால் எதுவும் வெளியீட்டை நிறுத்தத் தகுந்ததல்ல. சேர்ந்து நின்றால் மனிதரை விரட்டிவிடும்.

கேடிஇ 4.0 இதற்கு மறுபக்கம். 2008 ஜனவரியில் வெளியான அது மேசைத்தளத்தை அடியிலிருந்து புதிதாகக் கட்டியது. 3.5 பதிப்பில் பழகியிருந்த பல வசதிகள் இல்லை, நிலைத்தன்மையும் இல்லை. இது எல்லாருக்குமான பதிப்பல்ல, பயன்பாடு எழுதுகிறவர்களும் ஆர்வலர்களும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்று திட்டத்தினர் சொன்னார்கள். அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியிடாத வரை யாரும் சோதிப்பதில்லை; சோதிக்காத வரை அது தேறுவதில்லை. ஆனால் 4.0 என்ற எண்ணை உலகம் ஒரு வாக்குறுதியாகவே படித்தது. ஃபெடோரா 9 என்ற லினக்ஸ் தொகுப்பு அதையே தன் கேடிஇ மேசைத்தளமாகத் தந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேடிஇயை விட்டு க்னோமுக்கு மாறியதை வெளிப்படையாகச் சொன்னார். 2009 ஜனவரியில் வந்த 4.2 பல குறைகளைத் தீர்த்தது, ஆனால் முதல் பார்வையில் விலகியவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. இங்கே கெடுவின் குற்றத்தைவிடப் பெயர்ச்சீட்டின் குற்றம் பெரிது. பீட்டா என்று ஒட்டியிருந்தால் அதே மென்பொருளுக்கு அதே மாதத்தில் நன்றிதான் கிடைத்திருக்கும். இரண்டு முறை தள்ளிப்போட்டு 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3.0வும் கோபத்திலிருந்து தப்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய வடிவைக் காப்பாற்ற மேட்டே என்ற தனிக் கிளையே பிறந்தது.

சட்டம் விதிக்கும் கெடு இவை எல்லாவற்றிலும் கொடியது. அமெரிக்காவில் புதிய மருத்துவக் காப்பீடு 2014 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வரவேண்டும்; அதற்கான பதிவுத் தளம் ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1இல் திறந்தாக வேண்டும். கணக்குத் தொடங்காமலேயே காப்பீட்டுத் திட்டங்களையும் விலைகளையும் பார்வையிடும் வசதி திட்டத்தில் இருந்தது. திறப்பதற்குச் சற்று முன் அதை நிறுத்திவைத்தார்கள். விளைவாக, சும்மா விலை பார்க்க வந்தவரும் கணக்குத் தொடங்கும் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த வாசல்தான் கூட்டத்தைத் தாங்காமல் முதலில் சரிந்தது. முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் 6 பேர். கெடுவுக்காக ஒரு வசதியை வெட்டுவது தவறல்ல. ஆனால் பயனர் எந்த வரிசையில் உள்ளே நடப்பார் என்பதை மாற்றும் வெட்டு, சுவரைத் தாங்கும் தூணை எடுப்பதற்குச் சமம். அதை வசதிப் பட்டியலின் ஒரு வரியாக எண்ணியதே பிழை.

வழிமுறைகள் என்று பார்த்தால் கடந்த முப்பது ஆண்டுகளில் நிறையச் சொல்லப்பட்டிருக்கிறது. யாகோப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993இல் முன்வைத்த கணக்கிலிருந்து, ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்ற கருத்து பரவியது. வலைத்தளங்களுக்கு ஐந்து பேர் போதவே போதாது என்று 2001இல் ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் எதிர்த்தார்கள். எதிர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் கெடுவுக்கு இரண்டு வாரம் இருக்கும் குழுவின் முன்னால் ஐந்தா பதினைந்தா என்ற கேள்வி நிற்பதில்லை. ஐந்தா பூஜ்யமா என்பதே நிற்கிறது. அந்த இடத்தில் நீல்சன் தந்தது பெரிய விடுதலை. அஜைல் முறை பரவிய பின் வடிவமைப்பாளர்கள் ஸ்பிரின்ட் எனும் குறுகிய சுற்றுகளின் வேகத்தில் மூச்சுத் திணறினார்கள். ஆட்டோடெஸ்கில் பணியாற்றிய டெசிரே சை 2007இல் விவரித்த ஏற்பாடு அதற்கு ஒரு வடிகால். வடிவமைப்புக் குழு நிரல் குழுவுக்கு ஒரு சுற்று முன்னால் ஓடும். நிரலாளர்கள் இன்று எழுதுவதை வடிவமைப்பாளர்கள் சென்ற சுற்றிலேயே பயனரிடம் காட்டி முடித்திருப்பார்கள். ரயன் சிங்கர் 2019இல் எழுதிய முறையில் ஆறு வாரம் என்பது அசையாது, செய்யும் வேலையின் அளவுதான் சுருங்கும். மூன்றுமே, தேதிக்கு முந்திய நாட்களைத் திரையைத் தீட்டுவதற்கு அல்லாமல் திரையில் எது திரும்பப்பெற முடியாதது என்று கண்டுபிடிக்கச் செலவிடும்போதுதான் பலன் தருகின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவத்தில் நான் பிரிப்பது இப்படி. நிறம், இடைவெளி, படக்குறி, அறிவிப்பு வாசகத்தின் நயம் எல்லாம் பின்னால் திருத்தலாம். கெடுவன்று அவை குறைபட்டிருந்தால் தூக்கம் கெட வேண்டியதில்லை. குறுக்குவிசைகள், ஒரு செயலின் படிகள் வரும் வரிசை, அழி என்று சொன்னால் உண்மையில் என்ன அழியும் என்ற பொருள், பயனர் சேமித்துவைக்கும் கோப்பின் வடிவம் ஆகியவை கையிலும் நினைவிலும் வட்டிலும் பதிந்துவிடுகின்றன. இவற்றில் ஐயம் இருந்தால் அந்த வசதியையே இந்த வெளியீட்டிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. திருத்த முடிந்ததற்காகத் தேதியைத் தள்ளுவதும், திருத்த முடியாததைத் தேதிக்காகத் திணிப்பதும் நான் பார்த்த அலுவலகங்களில் அன்றாடம் நடக்கின்றன. முதலாவது, மேலாளர் கண்ணுக்கு நிறம் தெரிவதால். இரண்டாவது, படிகளின் வரிசை யார் கண்ணுக்கும் தெரியாததால்.

வலைச் செயலிகளில் எதுவும் இறுதியல்ல, நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம், அதனால் இந்தப் பிரச்சினையே ஒழிந்தது என்று சிலர் சொல்கிறார்கள். ஜிமெயில் 2004 ஏப்ரலிலிருந்து 2009 ஜூலை வரை பீட்டா என்ற சீட்டோடுதான் இருந்தது. மாற்றுவதன் செலவு நிறுவனத்துக்குக் குறைந்தது உண்மை. அந்தச் செலவு பயனருக்கு இடம் மாறியிருக்கிறது. வங்கிச் செயலியில் பணம் அனுப்பும் பொத்தானின் இடத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு முதியவருக்கு, ஒரு காலையில் அது வேறு இடத்துக்குப் போயிருந்தால் அன்றைக்கு அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைக்க வேண்டும். கடவுச்சொல்லையும் சேர்த்துச் சொல்லி.

கெடுவின் கடைசி நாட்களில் திரை மாறுவதால் நேரடியாக அடிபடுகிறவர்களில் தமிழ்ப் பயனரும் ஒருவர். க்னோம், கேடிஇ போன்ற திட்டங்களைத் தமிழாக்குவது தன்னார்வலர்களின் வேலை. அவர்களுக்காகவே க்னோமின் அட்டவணையில் வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் இடைமுகத்தையும் அதிலுள்ள வாசகங்களையும் உறையவைக்கும் கட்டங்கள் உண்டு. அதன்பின் ஒரு சொல்லை மாற்றுவதற்கும் ஒப்புதல் கேட்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாத இடங்களில், கெடுவுக்கு முந்திய நாள் டெவலப்பர் நல்ல எண்ணத்தோடு திருத்திய ஆங்கில வாக்கியம் மொழிபெயர்ப்பை இழந்து, தமிழ்த் திரையின் நடுவே ஆங்கிலமாகவே நிற்கிறது. பொத்தானின் அகலத்தை ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்திருந்தால் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படுகிறது. உயரத்தைக் குறைத்து வைத்திருந்தால் மேலே உள்ள ஈகாரச் சுழியும் கீழே இறங்கும் உகரமும் நறுக்கப்பட்டு, எழுத்தே வேறாகிவிடுகிறது. இவை திருத்தத் தெரியாத குறைகள் அல்ல. மொழிபெயர்ப்புக்கு அனுப்புவதற்கு முன் நீளமான போலி வாசகங்களை இட்டு ஒருமுறை திரையை ஓடவிட்டால் பெரும்பகுதி அன்றே தெரிந்துவிடும். அதற்கு அரை நாள் போதும். அந்த அரை நாள் வெளியீட்டு அட்டவணையில், வாசகங்கள் உறையும் தேதிக்கு முன்னால், ஒரு வரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.